காவலாளியிடம் எத்தனை சாவிகள் இருக்க வேண்டும்?

எங்கள் பள்ளியின் அறிவியல் கூடத்தில் மூன்று பூட்டுகள் உண்டு. வாசல் கதவுக்கு ஒன்று, கருவிகள் வைத்திருக்கும் அலமாரிக்கு ஒன்று, அமிலங்கள் இருக்கும் சிறிய அறைக்கு ஒன்று. கூடத்தைப் பெருக்க வருபவரிடம் வாசல் சாவி மட்டும் இருக்கும். ஆய்வக உதவியாளரிடம் மூன்றும் இருக்கும். மாணவர்களிடம் எதுவும் இருக்காது. இதைப் பார்த்து, "எங்களை நம்பவில்லையா, டீச்சர்?" என்று இதுவரை எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. அமில அறையின் சாவி எல்லாரிடமும் இருக்கக் கூடாது என்பது படிவம் 1 மாணவருக்கும் புரிகிறது.

ஆனால் அதே பள்ளியில், அதே ஆசிரியையான நான், கணினியில் என்ன செய்தேன் தெரியுமா?

அறிவியல் கழகத்துக்காக இணையத்தில் ஒரு பகிர்வுக் கோப்புறையைத் திறந்தேன். உறுப்பினர்கள் அனைவரையும் அதில் சேர்த்தேன். யாருக்கு என்ன அனுமதி என்று அந்தத் தளம் கேட்டது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாருக்கும் 'திருத்தலாம்' என்ற முழு அனுமதியைக் கொடுத்துவிட்டேன். இரண்டு ஆண்டுகள் ஓடின. ஒரு நாள் காலையில், மாணவர்கள் ஆறு வாரமாக அளந்து பதிவு செய்திருந்த செடி வளர்ச்சி அட்டவணை காலியாகக் கிடந்தது.

திருடர் யாரும் வரவில்லை. முந்தைய ஆண்டு படிவம் 5 முடித்துச் சென்ற ஒரு மாணவர், அது தம்முடைய பழைய அட்டவணை என்று எண்ணி, வேறு வேலைக்குப் பயன்படுத்த அதைத் துடைத்துவிட்டார். அவர்மீது தவறே இல்லை. பழைய பதிப்பு தளத்திலேயே சேமிக்கப்பட்டிருந்ததால் அட்டவணையைச் சில நிமிடங்களில் மீட்டுவிட்டேன். ஆனால் அப்போதுதான் அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதிலிருந்தவர்களில் பாதிப் பேர் பள்ளியை விட்டுப் போனவர்கள். அதே கோப்புறையின் ஓரத்தில், ஒரு கல்விச் சுற்றுலாவுக்காகத் தயாரித்த பட்டியலும் கிடந்தது. மாணவர்களின் பெயர், அடையாள அட்டை எண், பெற்றோரின் கைப்பேசி எண், யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வலிப்பு நோய் எல்லாம் அதில் இருந்தன.

அழிந்த அட்டவணையை மீட்க முடிந்தது. ஆனால் ஒருவர் பார்த்துவிட்டதைப் 'பார்க்காததாக' மாற்ற முடியாது. அன்று நான் கற்ற பாடத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கணினிப் பாதுகாப்பு என்றதும் நாம் பூட்டைப் பற்றியே பேசுகிறோம். சாவி யாரிடம் இருக்கிறது, ஏன் இருக்கிறது, இன்னும் ஏன் இருக்கிறது என்று கேட்பதில்லை.

மேகம் வானத்தில் இல்லை

'மேகக் கணிமை' என்ற பெயரைக் கேட்டு, நம் படங்களும் கோப்புகளும் எங்கோ ஆகாயத்தில் மிதப்பதாக எண்ண வேண்டாம். அவை சைபர்ஜெயாவிலோ, ஜொகூரிலோ, சிங்கப்பூரிலோ, அதற்கும் அப்பாலோ உள்ள ஒரு தரவு மையக் கட்டடத்தில், வரிசை வரிசையாக அடுக்கிய கணினிகளில் இருக்கின்றன. அந்தக் கணினிகளைச் 'சர்வர்' என்கிறோம். ஒரு நிறுவனம் அவற்றைப் பராமரிக்கிறது. மற்ற நிறுவனங்கள் இடத்தையும் ஆற்றலையும் வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றன.

வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் இடிந்து விழாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. வாசல் சாவியை யார் யாரிடம் கொடுப்பது என்பது குடியிருப்பவர் பொறுப்பு. சாவியை மாமரத்தடியில் வைத்துவிட்டு, "வீட்டுக்காரர் சரியில்லை" என்று சொல்ல முடியாது. மேகத்திலும் இப்படித்தான் பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது.

சர்வருக்குள் நுழைய வரும் ஒவ்வொருவரிடமும் கணினி இரண்டு கேள்விகள் கேட்கிறது. முதலாவது, "நீ யார்?" கடவுச்சொல்லும், கைரேகையும், கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணும் இந்தக் கேள்விக்கான விடைகள். இரண்டாவது, "நீ என்ன செய்யலாம்?" படிக்க மட்டுமா, எழுதவும் செய்யலாமா, அழிக்கலாமா, மற்றவருக்கு அனுமதி கொடுக்கலாமா? இதற்குப் பெயர்தான் அணுகல் அனுமதி. நான்கில் கடைசிதான் மிகவும் ஆபத்தானது. மற்றவருக்கு அனுமதி கொடுக்கும் அனுமதி ஒருவரிடம் இருந்தால், மற்ற மூன்றையும் அவர் தமக்கே கொடுத்துக்கொள்ளலாம்.

கடவுச்சொல்லை வலுவாக வைக்கச் சொல்லிப் பள்ளியில் பலமுறை சொல்லிக்கொடுக்கிறோம். அது முதல் கேள்விக்கு மட்டும்தான் உதவும். இரண்டாம் கேள்வியைப் பற்றிப் பெரும்பாலும் நாங்களும் பேசுவதில்லை. 

அச்சு இயந்திரம் செய்த காரியம்

இது புதிய சிக்கல் அன்று. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரே பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல், வாரத்துக்குச் சில மணி நேரம். ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குக் கிடைத்த நேரம் போதவில்லை. 1962-இல் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கோப்பின் பெயரைத் துளை அட்டையில் குறித்துக் கொடுத்தால் அதை அச்சிட்டுத் தரும் சேவை ஒன்று அங்கே இருந்தது. எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பின் பெயரை அவர் எழுதிக் கொடுத்தார். அதுவும் சமர்த்தாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டது!

இதில் ஷெர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அவருக்கு அந்தக் கோப்பைத் திறக்க அனுமதி இல்லை. ஆனால் அச்சிடும் சேவைக்கு இருந்தது. அச்சிடுவதற்கு எல்லாக் கோப்பையும் படிக்கும் உரிமை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மனிதர்களுக்கு மட்டுமல்ல, கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் அனுமதி உண்டு என்பதை இங்கே கவனியுங்கள்.

1975-இல் அதே எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கணினித் தரவைக் காப்பதற்கு அவர்கள் வகுத்த விதிகளில் ஒன்று, இன்றுவரை எல்லா மேகச் சேவைகளுக்கும் அடிப்படையாக இருக்கிறது. ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு பயனருக்கும், அவரவர் வேலையைச் செய்து முடிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு அனுமதியே இருக்க வேண்டும், அதற்குமேல் கூடாது என்பதே அது. 'குறைந்தபட்ச அனுமதி' விதி என்று இதைச் சொல்லலாம்.

காவலாளியே ஏமாந்தால்?

விதி 1975-இல் வந்துவிட்டது. ஆனால் 2019-இல் என்ன நடந்தது என்று பாருங்கள்.

கேப்பிட்டல் ஒன் என்பது அமெரிக்காவின் பெரிய வங்கிகளில் ஒன்று. கடன் அட்டைக்கு விண்ணப்பித்தவர்களின் விவரங்களை அது அமேசான் நிறுவனத்தின் மேகத்தில் வைத்திருந்தது. வெளியிலிருந்து வரும் தவறான கோரிக்கைகளைத் தடுக்க வாசலில் ஒரு 'ஃபயர்வால்' நின்றது. ஃபயர்வால் என்பது இணையத்தின் காவலாளி. வருபவரைப் பார்த்து உள்ளே விடுவதும் திருப்பி அனுப்புவதும்தான் அதன் வேலை.

அந்தக் காவலாளியின் அமைப்பில் ஒரு பிழை இருந்தது. ஒருவர் அதை ஏமாற்றி, வெளியாள் நேரடியாகக் கேட்க முடியாத ஓர் உள் முகவரியிடம் தம் சார்பில் கேட்கவைத்தார். அந்த உள் முகவரி, "கேட்பது நம் காவலாளிதானே" என்று எண்ணி, காவலாளிக்குரிய தற்காலிகச் சாவியைக் கொடுத்துவிட்டது. அதுவரைக்கும்கூடப் பெரிய இழப்பு இல்லை. ஆனால் அந்தச் சாவி வாசலோடு நிற்கவில்லை. உள்ளே இருந்த 700-க்கும் மேற்பட்ட சேமிப்பகங்களைப் பட்டியலிடவும், அவற்றிலிருந்து கோப்புகளைப் படிக்கவும் அது உதவியது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. ஊடுருவல் நடந்தது 2019 மார்ச்சில். வெளியாள் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பி எச்சரித்த பிறகு, ஜூலையில்தான் வங்கிக்கே விஷயம் தெரிந்தது. அடுத்த ஆண்டு அந்நாட்டு வங்கி ஒழுங்குமுறை அமைப்பு, வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது.

பாலிக் புலாவ் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். டுரியான் பருவத்தில் தோட்டங்களுக்கு இரவுக் காவல் போடுவார்கள். காவல்காரரிடம் படலையின் சாவி இருக்கும், ஒரு கைவிளக்கு இருக்கும். தோட்டக்காரர் தம் வீட்டுப் பணப்பெட்டியின் சாவியையும் அவரிடம் கொடுத்து வைப்பாரா? மாட்டார். காவல்காரர் திருடுவார் என்பதால் அல்ல. காவல்காரரை யாராவது ஏமாற்றிவிட்டால் டுரியான் மட்டும் போகட்டும், வீடே போக வேண்டாம் என்பதால்தான். கேப்பிட்டல் ஒன் வங்கியில் ஃபயர்வால் ஏமாந்தது ஒரு தவறு. காவலாளியின் கையில் பணப்பெட்டிச் சாவி இருந்தது அதைவிடப் பெரிய தவறு.

நம் நாட்டில்

"அது அமெரிக்கா, டீச்சர்" என்று சொல்லாதீர்கள். அதே 2019 செப்டம்பரில், நம் நாட்டு மாலிண்டோ ஏர் விமானப் பயணிகளின் கடப்பிதழ் விவரங்களும் முகவரிகளும் தொலைபேசி எண்களும் இணையத்தில் பரவியது தெரியவந்தது. இன்று பாத்தேக் ஏர் மலேசியா என்ற பெயரில் பறக்கும் அதே நிறுவனம்தான். அதன் தரவும் அமேசான் மேகத்தில்தான் இருந்தது. மேகத்தின் பாதுகாப்பு உடைக்கப்படவில்லை என்று மாலிண்டோ விளக்கம் கொடுத்தது. தனக்கு இணைய வணிகச் சேவை வழங்கிய ஒப்பந்த நிறுவனத்தின் இந்தியக் கிளையில் பணியாற்றிய முன்னாள் ஊழியர்கள் இருவர், முறைகேடாக நுழைந்து தரவை எடுத்துவிட்டதாக அது அறிவித்தது. மலேசியாவிலும் இந்தியாவிலும் காவல்துறையில் புகார் செய்யப்பட்டது.

அந்த அறிக்கையை மீண்டும் ஒருமுறை படியுங்கள். இங்கே முகமூடி போட்ட திருடர் வரவில்லை. நள்ளிரவில் கடவுச்சொல்லை உடைத்தவர் இல்லை. ஒரு காலத்தில் உள்ளே வேலை செய்தவர்கள்தான். நாம் ஒரு நிறுவனத்திடம் நம் விவரத்தைக் கொடுக்கிறோம். அந்த நிறுவனம் இன்னொரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுக்கிறது. அங்கே யார் யாரிடம் சாவி இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. கடவுச்சொல்லை மாற்றிவிடலாம், கடன் அட்டையை ரத்து செய்துவிடலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

காவல் சேவைக்கு அதிக அனுமதி வேண்டாமா?

என் நண்பர் ஒருவர் கணினித் துறையில் இருக்கிறார். இதையெல்லாம் சொன்னபோது அவர் ஒரு நல்ல மறுப்பை வைத்தார். "சர்வரைக் காக்கும் மென்பொருள் எல்லா மூலையையும் பார்க்க வேண்டுமே. அனுமதியைக் குறைத்தால் அது குருட்டுக் காவலாளி ஆகிவிடாதா?"

நியாயமான கேள்வி. ஆனால் பார்ப்பது வேறு, தொடுவது வேறு. பாதுகாப்புச் சேவை ஒன்று, எந்தச் சேமிப்பகம் பொதுமக்களுக்குத் திறந்து கிடக்கிறது, எந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை என்று சோதிக்க வேண்டும். அதற்கு அமைப்பு விவரங்களைப் படிக்கும் அனுமதி போதும். உள்ளே உள்ள கோப்பைத் திறக்கவோ அழிக்கவோ தேவையில்லை. அந்தச் சேவையை நடத்தும் மனிதர்களையும் இப்படியே பிரிக்கலாம். எச்சரிக்கைகளைப் பார்ப்பவர் ஒருவர். விதிகளை மாற்றுபவர் வேறொருவர். கட்டணம் செலுத்துபவருக்குக் கட்டணச் சீட்டு மட்டும் தெரிந்தால் போதும். எல்லா அதிகாரமும் கொண்ட முதன்மைக் கணக்கை அன்றாட வேலைக்கு யாருமே பயன்படுத்தக் கூடாது. அது தீயணைப்புக் கருவிபோல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

சில பாதுகாப்பு மென்பொருள்களுக்கு ஆழமான அனுமதி தவிர்க்க முடியாததுதான். அதன் விலையையும் நாம் பார்த்துவிட்டோம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்று, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அந்த மென்பொருள் இயங்குதளத்தின் ஆழத்தில் ஓடும் அனுமதி பெற்றிருந்ததால், அது தடுக்கி விழுந்தபோது கணினியும் சேர்ந்து விழுந்தது. ஏர் ஏசியா பயணிகள் விமான நிலையத்தில் நீண்ட வரிசையில் நிற்க நேர்ந்தது. யாரும் தாக்கவில்லை, காவலாளி கால் இடறினார், அவ்வளவுதான். அதிக அனுமதி தேவைப்படும் இடத்தில் அதிகக் கண்காணிப்பும் தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவநம்பிக்கை அல்ல

"எனக்கு ஏன் முழு அனுமதி இல்லை? என்மீது நம்பிக்கை இல்லையா?" பெரியவர்களும் இப்படிக் கேட்பதுண்டு. பொறுப்பாசிரியர்கள், கழகத் தலைவர்கள், அலுவலகப் பணியாளர்கள் என எல்லாருக்கும் இந்தத் தயக்கம் இருக்கிறது. அனுமதியை மரியாதையின் அளவாகப் பார்க்கிறோம். அதனால்தான் கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் கூச்சப்படுகிறோம்.

உங்களில் பலரின் பெற்றோர் மலைக்கு அப்பால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். அவர்களின் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அது தம் பிரிவின் கதவைத் திறக்கும், பக்கத்துப் பிரிவின் கதவைத் திறக்காது. இருபது ஆண்டுகள் உழைத்தவருக்கும் அப்படித்தான். வேலையை விட்டு நிற்கும் நாளில் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறைந்த அனுமதி உங்களையும் காக்கிறது. அமில அறையில் ஒரு புட்டி காணாமல் போனால், சாவி இல்லாத மாணவர்மீது யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அட்டவணையைத் துடைத்த அந்த முன்னாள் மாணவர் எவ்வளவு வருந்தினார் என்பது எனக்குத் தெரியும். அந்த வருத்தத்தை அவருக்குக் கொடுத்தது நான்தான். அவருக்குத் தேவையில்லாத சாவியை அவர் பையிலேயே விட்டுவைத்தேன்.

புத்தகம் திருப்பும் நாளில்

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அண்மைத் திருத்தத்தின்படி, தரவுக் கசிவு நேர்ந்தால் நிறுவனங்கள் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 2025 ஜூன் 1 முதல் கட்டாயம். சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் இந்தச் சட்டம் வணிகம் சார்ந்த தரவுக்கானது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு இது பொருந்தாது. அதோடு, எந்தச் சட்டமும் கசிந்த பிறகுதான் கையை நீட்டும். கசியாமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம்தான் வர வேண்டும்.

2020-இல் டெலிமா தளம் வந்த பிறகு, மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மேகக் கணக்கு கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு புதிய வகுப்பறை, புதிய கோப்புறை, புதிய புலனக் குழு. திறப்பதற்கு நமக்குத் தெரிகிறது. மூடுவதற்கு ஒரு நாள் இல்லை.

ஆகவே என் கருத்து இது. பாடநூல் இரவல் திட்டத்தில் பெற்ற புத்தகங்களை ஆண்டு இறுதியில் எண்ணித் திருப்பிக் கொடுக்கிறோம் அல்லவா? அதே நாளில் மின்னியல் சாவிகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கழகத்தின் செயலாளரும் பொறுப்பாசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து, அனுமதிப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இவருக்கு இது தேவையா? படித்தால் போதுமா, திருத்தவும் வேண்டுமா? எப்போது வரை? "இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்" என்று இருக்கும் கோப்புகளில் அடையாள அட்டை எண்ணோ நோய் விவரமோ இருந்தால் அன்றே மூட வேண்டும். வேலை முடிந்த பட்டியலை அழித்துவிட வேண்டும். இல்லாத தரவை யாரும் திருட முடியாது. நான் இதை எங்கள் அறிவியல் கழகத்தில் செய்து பார்த்தேன். ஒரு பாடவேளைகூட ஆகவில்லை.

வீட்டிலும் ஒரு பயிற்சி இருக்கிறது. உங்கள் கைப்பேசியின் அமைப்புகளில் 'அனுமதிகள்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். கைவிளக்குச் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? படம் வரையும் செயலிக்கு நீங்கள் இருக்கும் இடம் எதற்கு? 1962-இல் அச்சிடும் சேவையிடம் யாரும் கேட்காத கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

அந்த முன்னாள் மாணவரிடம் நடந்ததைச் சொன்னபோது, அவர் முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "டீச்சர், நான் இன்னுமா அந்தப் பட்டியலில் இருந்தேன்?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஆண்டு பள்ளியை விட்டுப் போகும் எந்த மாணவரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.